லின்ஷோப்பிங்குக்கு ஒரு டிக்கெட்

கர்ணன் பந்தலுக்கடியில் நின்று திராட்சைக் கொடியிடம் ரயில் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். "என் பில்யெத் தில் லின்ஷோப்பிங், தக்." கையில் கவாத்துக் கத்தரி. கொடி பதில் சொல்லவில்லை. பன்னீர் திராட்சை, அதற்கும் சுவீடன் பாஷை புதிது. இரண்டு வரிசை தள்ளிக் கூலிக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்த பஞ்சம்மாள்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி முருகம்மாள் இறந்துபோன பிறகு மனிதர் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டார் என்று காமயகவுண்டன்பட்டி முடிவு கட்டியிருந்தது. அவர் அதைத் திருத்தப் போகவில்லை. தனியாக இருக்கிறவன் தனியாகத்தானே பேச முடியும்.

சுவீடனில் மகள் மகாலட்சுமிக்குத் தலைப்பிரசவம். பிரசவம் பார்க்கத் தாய் போவதுதான் வழக்கம். தாயில்லாத பிள்ளைக்குத் தகப்பன் போனால் என்ன என்று இவர் கேட்க, அவளும் வாங்கப்பா என்றாள். விமானம் இறங்கும் ஊரிலிருந்து அவள் ஊரான லின்ஷோப்பிங்குக்கு ரயிலில் போக வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி அலையக் கூடாது. மாப்பிள்ளை விஜயகுமார் லீவைப் பிரசவத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறார். டிக்கெட்டை போனிலேயே அனுப்பிவிடலாம்தான், ஆனால் போன் அணைந்துபோனால்? அதனால் மகாலட்சுமி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி வாட்ஸாப்பில் அனுப்பினாள். அடுத்த ரயில் எப்போது, எந்த பிளாட்பாரம், மெதுவாகச் சொல்லுங்கள், நன்றி. மற்ற நாட்களில் அவள் போன் பேசினால் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு முடிந்துவிடும். இந்தப் பாடத்தில்தான் மகளின் குரல் நிறையக் கிடைத்தது. படித்து முடித்த பாடத்தையும் புரியவில்லை என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அதில் ஒன்று அவருக்கு ரொம்பப் பிடித்தது. அதில் மகாலட்சுமி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "டிக்கெட் குடுக்கிறவுக உங்களை ஒண்ணு கேப்பாக. போறதுக்கு மட்டுமா, போக வரவான்னு. நீங்க 'எங்க்கெல்'னு சொல்லுங்கப்பா. போறதுக்கு மட்டும். திரும்புறதைப் பெறகு பாத்துக்கிடலாம்."

திரும்புறதைப் பெறகு பாத்துக்கிடலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்னென்னவோ கட்டிவிட்டார். சுக்கும் திப்பிலியும் வறுத்து இடித்து மருந்துப்பொடி செய்தார். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று பஞ்சம்மாளிடம் கேட்டார். முதலில் தேங்காயை வைத்துப் பழகுங்கள் என்று அவள் கேலி செய்ய, உண்மையிலேயே உரித்த தேங்காயைத் துண்டில் சுற்றிக் கால்மேல் போட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட் வந்து பீரோவில், முருகம்மாளின் சேலைகளுக்கு நடுவே இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாலட்சுமி பேசினாள். குரலில் சிரிப்பு இல்லை.

"அப்பா, அத்தை வாராகளாம். இவுக எங்கிட்டச் சொல்லாமலே விசா எல்லாம் முடிச்சிட்டாக. இங்கன ஒரு ரூம்தானப்பா, ரெண்டு பேரு தங்க முடியாது. நீங்க அடுத்த வருசம் வாங்களேன்."

"நல்லதுத்தா. பொம்பளை ஆளு பக்கத்துல இருந்தாத்தான் ஒனக்கும் தோது."

 பிறகு, அந்த ரயில் வார்த்தைகளை அத்தைக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். சரி என்றார். வேறென்ன சொல்ல முடியும். 

மருந்துப்பொடியை எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போனார். சம்பந்தியம்மா பிச்சையம்மாள் திறந்த பெட்டிக்கு முன்னால் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். கம்பத்தைத் தாண்டிக் குமுளிக்குக்கூடத் தனியாகப் போகாத மனுஷி.

"அண்ணே, அங்கன ஆரு பேச்சு எனக்குப் புரியும்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் வரும்போது பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. போனில் இருந்ததை எல்லாம் போட்டுக் காட்டி, சொல்லச் சொல்லித் திருத்தினார். அந்த அம்மாள் 'தக்' என்பதை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் வாயில் கூழாங்கல் போலப் புரண்டது. கர்ணன் சலிக்காமல் சொன்னார். மகளின் குரல்களை ஒவ்வொன்றாக அந்த அம்மாள் போனுக்கும் அனுப்பினார். கடைசியாக அந்தச் சிரிக்கிற குரல் வந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது.

"இன்னும் இருக்காண்ணே?"

"இல்ல தங்கச்சி. ஒண்ணே ஒண்ணுதான், அதை நானே வாயால சொல்லிர்றேன். போறதுக்கு மட்டுமா, போக வரவான்னு கேப்பாக. நீ 'தூர் ஓ ரெதூர்'னு சொல்லணும். போக வர."

"தூர் ஓ ரெதூர்," என்று பிச்சையம்மாள் பிள்ளைபோலத் திரும்பச் சொன்னார். "போயிட்டு வாரதுன்னு சொல்றதுதான நல்லது. பிள்ளைக்கு மூணு மாசம் ஆனா வந்துருவேன்ல."

கர்ணன் தலையாட்டினார். செய்தது சின்னத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மருந்துப்பொடி பாட்டிலைப் பெட்டியில் அவரே வைத்து, உடையாமல் இருக்கச் சுற்றிலும் துணி செருகினார். மருந்தின் அளவையும் பத்தியத்தையும் இரண்டு தடவை சொன்னார். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்துவிட மறக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே நெல் வயல்கள், அதற்கப்பால் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கூட்டத்தின் சத்தத்தில் கேட்காதென்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தச் சிரிக்கிற குரலைப் போட்டார். டிக்கெட் குடுக்கிறவுக உங்களை ஒண்ணு கேப்பாக.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, எங்கே போகணும் என்றார். கர்ணன் நிமிர்ந்து பார்க்காமல், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். மகள் இன்னும் பேசி முடிக்கவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விரல் அப்படியே நின்றது.