சாஸுக்கு விழுந்த மார்க்

நான்காவது வியட்நாம் கடையில், ஞாயிற்றுக்கிழமை மதியம், சன்னலோர மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு சர்வேயர். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி, வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். எதிரே, சாஸ் பாட்டில்களுக்குக் கையெட்டும் இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்ட மைத்துனர். அவர் பஸ் ஓட்டுபவர். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால் குடும்பத்தில் அவருக்கு ஹாரன் என்று பெயர். நான்காவது நாற்காலியில் குடையும் கைப்பையும். சர்வேயரின் சட்டைப் பையில் ஒரு கடிதம்.

அந்தக் கடிதம்தான் மூவரையும் நாலு வாரமாகக் கடை கடையாக இழுத்துக்கொண்டு அலைந்தது. சர்வேயரின் மகன் வெளிநாட்டில், தன்னோடு வேலை பார்க்கும் வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். கல்யாணம் முடிந்ததும் இந்த நகரத்துக்கே குடிவருவதாக ஏற்பாடு. எல்லோரும் தலையாட்டியாயிற்று, பெண்ணின் அம்மாவைத் தவிர. அந்த அம்மாளுக்குப் போன் பேச்சில் நம்பிக்கை கிடையாது. போனில் சொன்னது காற்றோடு போகும், எழுதினது நிற்கும் என்பது அவர் கட்சி. தன் கையால் ஒரு கடிதம் எழுதி, மகளைக் கொண்டே மொழிபெயர்க்க வைத்து அனுப்பியிருந்தார்.

"உங்கள் மகன் நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். என் மகளுக்கு உடம்பு முடியாமல் போனால் எங்கள் ஃபோ சூப்பைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்காது. அவளே சமைத்துக்கொள்ளட்டுமே என்று எழுதாதீர்கள். காய்ச்சலில் கிடப்பவள் எட்டு மணி நேரம் எலும்பு வேகவைத்துக்கொண்டு நிற்க முடியாது. உங்கள் ஊரில் நல்ல வியட்நாம் சாப்பாடு எங்கே கிடைக்கும், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். அடுத்த மாதக் கடைசியில் என் அண்ணன்மார் வருகிறார்கள். உங்கள் பதிலை அவர்கள் முன்னால் படித்துவிட்டுத்தான் என் முடிவைச் சொல்வேன்."

சர்வேயருக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று. தூரத்தைக் கேட்கிறவள் விவரம் தெரிந்தவள் என்று மனைவியிடம் இரண்டு முறை சொன்னார். நகரத்து வரைபடத்தை விரித்து, தேடித் தேடி நான்கு கடைகளைக் குறித்தார். ருசிக்குப் பத்து, சுத்தத்துக்குப் பத்து, தூரத்துக்குப் பத்து என்று நோட்டில் கட்டம் போட்டார். வாரத்துக்கு ஒரு கடை. இது கடைசிக் கடை.

ஃபோ வந்தது. பெரிய கிண்ணத்தில் அரிசி நூடுல்ஸ், மேலே இறைச்சித் துண்டுகள், அதன்மேல் ஊற்றிய சூப். பக்கத்தில் ஒரு தட்டில் பச்சிலைகள், முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு. வைத்த கை எடுப்பதற்குள் ஹாரன் வேலையைத் தொடங்கினார். மூன்று கிண்ணத்துக்கும் சிவப்பு மிளகாய் சாஸ் ஒரு சுற்று, கருப்பு சாஸ் ஒரு சுற்று, எலுமிச்சை பிழிந்து, இலையைக் கிள்ளிப் போட்டு, அடிவரைக்கும் கிளறினார். வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் முதலில் பிசைந்துவிட்டுத்தான் வாயில் வைக்கும் குடும்பம் அது.

"ஏன்டா, கிண்ணத்துல சூப்பு எங்க இருக்குன்னு தேட வேண்டியதா இருக்கு," என்றார் அக்கா.

"சும்மா இரு அக்கா. மொட்டையா இருக்கிறதுக்கு ஒரு முழிப்பு வர வேண்டாமா? மாமா, மார்க்கைப் போடுங்க."

சர்வேயர் இரண்டு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார். ருசி ஏழரை என்று எழுதினார். முந்தைய கடைகள் ஏழு, ஏழரை, ஏழு.

"நாலும் நல்ல கடைதான்," என்றார். "வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது முதல் கடை. நடந்தே பத்து நிமிஷம். அந்தம்மா வாயைத் திறக்க முடியாது. இன்னைக்கே எழுதிடலாம்."

"அப்ப கல்யாணச் சட்டைக்கு அளவு எடுத்துக்கலாமா அக்கா?" என்றார் ஹாரன்.

கிண்ணங்களை எடுக்க வந்தவர் கடைக்காரம்மாளே. ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை ஈரம். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாம். சொற்கள் கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் பொருள் நேராகவே வந்தது. அவர் கண் நோட்டில் விழுந்தது.

"என்ன இது, பரீட்சையா?"

சர்வேயருக்கு மறைக்கத் தெரியாது. கடிதம், சம்பந்தியம்மாள், நாலு கடை, மார்க், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைக்காரம்மாள் முழுவதும் கேட்டார். பிறகு சிவந்து கலங்கிக் கிடந்த மூன்று கிண்ணத்தையும் பார்த்தார்.

"ஏழரை எதுக்கு?"

"உங்க சூப்புக்கு."

"என் சூப் நீங்க குடிக்கலையே." சிவப்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இது நான் பண்ணல. கம்பெனி பண்ணுது. மத்த கடையில என்ன பாட்டில் இருந்துச்சு?"

ஹாரன் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூடி பச்சை. நாலு கடையிலும் மூடி பச்சைதான்.

"இதேதான்," என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சன்னமான குரலில்.

சர்வேயர் நோட்டைத் திரும்பப் பார்த்தார். ஏழு, ஏழரை, ஏழு, ஏழரை. இருபத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவர். மேட்டிலும் பள்ளத்திலும் அளவு ஒன்றாகவே வந்தால், நிலத்தைச் சந்தேகப்படாதே, கருவியைச் சந்தேகப்படு என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். அந்தச் சின்ன விஷயம் சொந்த நாக்கு என்று வந்தபோது மறந்துவிட்டது.

கடைக்காரம்மாள் உள்ளே போய் மூன்று சின்னக் கோப்பைகளில் வெறும் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். தேநீர் நிறத்தில், கோப்பையின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. முதலில் பட்டையும் அன்னாசிப்பூவும் மூக்குக்கு வந்தன. சுட்ட இஞ்சியின் வாசம் அவற்றுக்குப் பின்னால் நின்றது. வாயில் வைத்தால் எலும்பின் இனிப்பு, அதுவும் இருக்கிறேன் என்று சத்தம் போடாத இனிப்பு. தையற்காரம்மாள் கோப்பையைக் கீழே வைக்காமலே குடித்து முடித்தார்.

"என்னங்க," என்றார், "இதை நம்ம ஒரு மாசமா குடிக்கவே இல்லையா?"

"சாஸ்தான்க்கா குடிச்சிருக்கோம். நாலு கடைக்குப் போய் ஒரே சாஸு," என்றார் ஹாரன். "இதுக்கு மாமா வரைபடம் வேற போட்டாரு."

சர்வேயர் நான்கு மார்க்கையும் ஒரே கோடாக அடித்தார். கடிதம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகும். வருகிற சனிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அரை நாள் விடுப்பு. முதல் மூன்று கடைகளையும் திரும்ப அளந்தார்கள். ஹாரனைக் கூட்டிப் போனார்கள். ஆனால் பாட்டில்கள் அக்காவின் கைப்பைக்குப் பின்னால் போயின. மகன் போனில் ஒரு குறிப்புச் சொல்லியிருந்தான்: "அவ சொல்றாப்பா, நல்ல சூப்பு குடிச்சா அப்புறம் தாகம் எடுக்காதாம். தாகம் எடுத்தா அது பொடி கரைச்ச சூப்பாம்."

வீட்டுக்குக் கிட்டே இருந்த முதல் கடை, பத்து நிமிஷ நடைக் கடை, அன்றைக்கே தோற்றது. வீடு வந்து சேருமுன் ஹாரன் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். இரண்டாவது கடையில் சூப்பின் மேலே எண்ணெய் ஆடை, இலைகள் வாடி வதங்கிக் கிடந்தன. மூன்றாவது கடையில் சூப்பு பரவாயில்லை. ஆனால் சமையற்காரர் மாதத்துக்கு ஒருவர் மாறுகிறாராம், போன மாதத்து ருசி இந்த மாதம் இருக்காது என்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரே சொன்னார்.

மிஞ்சியது நான்காவது கடை ஒன்றுதான். அது நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், ஐம்பத்தைந்து நிமிஷம். திங்கட்கிழமை விடுமுறை.

புதன்கிழமை சாயங்காலம் தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு சர்வேயர் உட்கார்ந்திருந்தார். தேதியும் விளிப்பும் எழுதியாயிற்று. அதற்குமேல் பேனா நகரவில்லை.

"மாமா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஹாரன். "பக்கத்துலயே அருமையான கடை, பத்து நிமிஷம்னு எழுதுங்க. அந்தம்மா வந்து டேப் வெச்சு அளக்கப் போறாங்களா? பொண்ணு வந்து குடும்பம்னு ஆனப்புறம் எல்லாம் சரியாயிடும்."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். இந்தக் கல்யாணத்தில் தன்னைவிட ஆசை மனைவிக்குத்தான். வரப்போகும் மருமகளுக்காக நாலு ரவிக்கைக்குத் துணி எடுத்து, அளவு தெரியாமல் வெட்டாமல் வைத்திருந்தார். இப்போது நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"முதல் காய்ச்சல் வரைக்கும்தான்டா அந்தப் பொய்யி நிக்கும். அன்னைக்கு அந்தப் பொண்ணு அவங்க அம்மாவுக்குப் போன் போட்டு, இங்க ஒண்ணும் இல்லம்மான்னு அழும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடுமா? இல்லாததை எழுதிப் பொண்ணு எடுக்க வேணாம்."

"அப்ப இருக்கிறதை எழுதினா அவங்க வேணாம்னு சொல்லிடுவாங்களே."

"ஐம்பத்தஞ்சு நிமிஷம் தூரம்தான். அவளை அங்க கூட்டிட்டுப் போகவா போறோம், காய்ச்சல்ல? சூப்பு இங்க வந்தா போதும். வந்து சேரும்போது சூடு இருக்குமா இருக்காதா, அதைப் பாருங்க முதல்ல."

சர்வேயர் நிமிர்ந்தார். அளக்க ஒன்று கிடைத்துவிட்டால் அவர் வேறு மனிதர்.

வியாழக்கிழமை ஹாரனின் காலை ஷிப்ட் முடிந்ததும் மூவரும் நான்காவது கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மாள் சூப்பைத் தனியாக, நூடுல்ஸைத் தனியாக, மெலிதாகச் சீவிய பச்சை இறைச்சியைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார். "வீட்ல ஊத்துங்க. இறைச்சி வெளுத்தா சூடு போதும். சிவப்பாவே இருந்தா ஆறிடுச்சு," என்றார். தூக்குச் சட்டியில் சூப்பை வாங்கி, துண்டால் சுற்றி, தையற்காரம்மாள் குழந்தையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வந்தார். வீட்டில் ஊற்றினார்கள். மூன்று தலையும் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்தன. இறைச்சி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்து, நடுவில் அப்படியே சிவப்பாக மிதந்தது.

"வெட்கப்படுது போல," என்றார் ஹாரன்.

சாயங்காலம் அவரே எங்கேயோ போய்விட்டு, முழங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்கோடு திரும்பினார். தொலைதூர வண்டி ஓட்டுகிற கூட்டாளியுடையதாம். ராத்திரி ஊற்றிய காபி காலையில் நாக்கைச் சுடுமாம்.

வெள்ளிக்கிழமை பிளாஸ்கில் வெந்நீர் விட்டுச் சூடேற்றி, கொட்டிவிட்டு, கொதிக்கிற சூப்பை வாங்கி மூடினார்கள். அன்றைக்குப் பார்த்து பாலத்தின்மேல் வண்டிகள் அடைத்துக்கொண்டன. ஐம்பத்தைந்து நிமிஷம் எழுபத்திரண்டு ஆயிற்று. ஹாரன் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து ஓட்டுநரைக் குறை சொல்லியே பொழுதைப் போக்கினார். வீட்டுக்கு வந்ததும் சர்வேயர் கடிகாரத்தைக் குறித்துக்கொண்டு, "ஊத்து," என்றார்.

ஆவி முகத்தில் அடித்தது. இறைச்சித் துண்டு ஒவ்வொன்றாகச் சுருங்கி, சாம்பல் நிறமாகி, முழுக்க வெளுத்தது. தையற்காரம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கணவரிடம் கொடுத்தார். ஹாரனின் கை பழக்கத்தில் மேசையைத் துழாவியது. பாட்டில் எதுவும் இல்லை என்று கண்டு திரும்பி வந்தது. வெறும் சூப்பையே கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "முழிப்பு தானாவே வருது."

திங்கட்கிழமைதான் பாக்கி. சர்வேயர் கடைக்குப் போன் போட்டு, விடுமுறை நாளில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. மறுமுனையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"கடைக்குத்தான் லீவு," என்றார் கடைக்காரம்மாள். "அடுப்புக்கு எப்ப லீவு? சனிக்கிழமை போட்ட எலும்பு திங்கக்கிழமையும் வேகும். கதவைத் தட்டச் சொல்லுங்க. இல்ல, தட்ட வேண்டாம், மணி அடிக்கச் சொல்லுங்க. நான் மாடியில இருப்பேன். அந்த அம்மா எந்த ஊரு?"

சர்வேயர் கடிதத்தைப் பார்த்து ஊர்ப் பெயரைப் படித்தார். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "எங்க ஊருக்கு ஆத்துக்கு அந்தக் கரை," என்றது குரல். "அவங்க சூப்புல இனிப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும். பொண்ணு வந்தா சொல்லுங்க, அவளுக்குத் தனியா சரி பண்ணித் தர்றேன்."

சனிக்கிழமை காலையில் பதில் எழுதி முடிந்தது. நான்கு பக்கம். முதல் பக்கத்தில் சாஸ் கதையை ஒளிக்காமல் எழுதினார். ஹாரன் தோளுக்குப் பின்னால் நின்று, "மாமா, என் பேரு வேணாம், ஒரு உறவினர்னு போடுங்க," என்று கெஞ்ச, "மைத்துனர்" என்றே எழுதினார். இரண்டாம் பக்கத்தில் முதல் மூன்று கடைகளும் ஏன் சரிப்படாது என்று. மூன்றாம் பக்கத்தில் நான்காவது கடை, பஸ் எண்கள், ஐம்பத்தைந்து நிமிஷம், நெரிசலில் எழுபத்திரண்டு, பிளாஸ்க், இறைச்சி வெளுத்த விவரம், ஆற்றுக்கு அந்தக் கரைப் பெண்மணியின் போன் எண். கடைசிப் பக்கத்தில் மூன்று வரிதான்.

"கடை தூரம்தான். அதை என்னால் குறைக்க முடியாது. ஆனால் உங்கள் மகளுக்கு உடம்பு முடியாத நாளில் போய்வர இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், மூவரும் வழியை அளந்து பார்த்துவிட்டோம்."

மனைவி படித்தார். "இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்," என்று சொல்லிவிட்டு, பெண்ணின் ரவிக்கை அளவு கேட்டு ஒரு துண்டுச் சீட்டையும் உள்ளே செருகினார்.

"சம்மதமே வரல, அதுக்குள்ள அளவா?" என்றார் ஹாரன்.

"கேட்டு வெச்சா தப்பா?"

தபால் அலுவலகத்தில் வெளிநாட்டுக் கடிதங்களுக்குத் தனிச் சன்னல். சர்வேயர் உறையின் ஓரத்தை ஈரத் துணியில் தடவி, நாலு மூலையும் விரலால் அழுத்தி ஒட்டினார். உள்ளே இருந்தவர் தராசில் வைத்துப் பார்த்து, தபால்தலைகளை ஒட்டி, முத்திரையை இரண்டு தரம் குத்தினார்.

"ஒன்பது நாள்ல போயிடுமா சார்?"

"எட்டுலயே போகும்."

உறை சன்னலுக்குப் பின்னால் இருந்த சாக்குப் பையில் விழுந்தது. சர்வேயர் அது விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, வரிசையில் பின்னால் இருந்தவருக்கு இடம் விட்டார்.