கொப்புளம்

ஒன்பது வருஷமாக முருகவேல் பௌர்ணமிக்கு மலை சுற்றவில்லை. தனியார் பஸ் மோதி வலது கணுக்கால் நொறுங்கிய பிறகு, "நீ நடக்கறத இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் போட்டோ எடுத்துட்டா நஷ்டஈட்டு கேஸ் காலி" என்று பழைய வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார். கேஸ் ஊர்ந்தது. இன்சூரன்ஸ் டாக்டர் ஊனம் பதினைந்து சதவீதம் என்றார். இவன் பக்கத்து டாக்டர் ஐம்பத்தைந்து என்றார். இந்த இழுபறியில் இரண்டு நீதிபதிகள் மாறிப் போனார்கள். பழைய வக்கீல் செத்தும் போனார்.

புது வக்கீல் வினோதினி வேறு வழி பார்த்தாள். இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு எலும்பு டாக்டர் காலைப் பார்ப்பார். அவர் சொல்லும் சதவீதத்தை இருவரும் ஏற்றுக்கொள்வார்கள், விசாரணை கிடையாது. முருகவேல் கையெழுத்துப் போட்டான். கையெழுத்துப் போட்டதோடு கேஸ் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த நாள் பௌர்ணமி. விடியற்காலை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மலை சுற்றக் கிளம்பினான்.

அதற்கு மறுநாள்தான் டாக்டர் கூப்பிட்டிருந்தார்.

டாக்டர் புகழேந்தி ரிட்டையரானவர். செங்கம் ரோட்டில் சின்ன கிளினிக். "ரெண்டு காலையும் நீட்டுப்பா" என்றார். நீட்டினான். இன்சூரன்ஸ் அதிகாரி கோதண்டராமன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளூர்க்காரர். பௌர்ணமிக்கு மறுநாள் காலில் கொப்புளம் எதனால் வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இன்னாப்பா, கிரிவலமா? பதினாலு கிலோமீட்டர் நடக்கறவனுக்கு ஐம்பத்தஞ்சு சதவீதமா?"

வினோதினி தலையில் கை வைத்தாள். "அண்ணே, யாரைக் கேட்டுண்ணே போனீங்க?"

முருகவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷமும் போச்சு. ஆனால் பொய் வரவில்லை. "ஆமாங்க சார், போனேன். முடிஞ்சிடுச்சுனு நெனச்சிட்டேன்."

"எத்தினி மணி நேரம் ஆச்சு?" டாக்டர் கேட்டார்.

"அஞ்சு மணிக்குக் கெளம்புனேன். திரும்பறதுக்கு சாயங்காலம் நாலு ஆயிடுச்சுங்க. அடி அண்ணாமலைல மட்டும் மூணு வாட்டி உக்காந்துட்டேன்."

நல்ல கால் உள்ளவன் நாலு மணி நேரத்தில் முடித்துவிடும் சுற்று அது. டாக்டர் விளக்கை இழுத்துக் காலருகே வைத்தார். இடது பாதம் முழுக்கக் கொப்புளம். வலது பாதத்தில் வெளி ஓரத்தில் மட்டும் ஒரே கோடாகக் கொப்புளம். குதிகாலில் ஒன்றுமில்லை, கட்டைவிரலடியில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார், கணுக்காலை முறுக்கிப் பார்த்தார். முருகவேல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"கணுக்கால் மடங்கல. ஓரத்துல ஊனித்தான் நடந்திருக்கான். பாரம் பூரா இடது கால்ல" என்றார். "கோதண்டராமன், நடிக்கறவனுக்குக் கொப்புளம் இப்பிடி எடம் பாத்து வராது. அதுக்காக ஐம்பத்தஞ்சும் கெடையாதும்மா, ஜாஸ்தி. முப்பத்தெட்டு."

கோதண்டராமன் மறுபடி குனிந்து பாதத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து டாக்டரிடம் நீட்டினார். "எழுதுங்க சார். எனக்கும் இந்த ஃபைலைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு."

வெளியே வந்து முருகவேல் மனைவிக்குப் போன் போட்டான்.

"முப்பத்தெட்டு குடுத்துட்டாங்க தமிழு."

"பாஸா?"

"முப்பத்தஞ்சுக்கு மேலனா பாஸுதான்."

"பத்தாவதுலயே வாங்காத மார்க்கு" என்றாள் தமிழ்ச்செல்வி. "சாப்ட வா."