டிகாக்ஷன் இறங்கலை

கருப்பு போகவில்லை, தேங்காய் நாரை மடித்துப் புளியும் கல்லுப்பும் வைத்துப் பால் பாத்திரத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள் கமலவேணி, நேற்றுக் காலை அடிப்பிடித்த பால் அது, ஒரு நாள் முழுக்க ஊறப் போட்டும் இன்று காலை ஆறு மணிக்கு அந்தக் கருப்பு வட்டம் அப்படியே கிடக்கிறது, பக்கத்தில் பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொட்டு, கூடத்தில் அவள் புருஷன் சென்னியப்பன் செய்தித்தாளை உதறும் சத்தம் கேட்கிறது, கேட்டதும் அவள் கை இன்னும் அழுத்தித் தேய்க்கிறது, முப்பத்தெட்டு வருஷமாக அந்த மனிதருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாள், ஒருநாள்கூட இப்படி வயிறு எரிந்து போட்டதில்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் அவள் நின்ற நிற்பு இப்போதும் காலில் இருக்கிறது, இருபத்துமூன்று வயது, கையில் டவரா, புடவைத் தலைப்பு தோளில் நிற்காமல் நழுவுகிறது, எதிரே உட்கார்ந்திருப்பவர் சாதாரண மாப்பிள்ளை இல்லை, கோயமுத்தூரில் காப்பிக்கொட்டையைக் காயவைத்துத் தரம் பிரிக்கிற மில்லில் ருசி பார்க்கிறவர், எஸ்டேட் முதலாளிகள் வெள்ளை வேட்டியோடு வரிசையில் நிற்பார்களாம், இவர் ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, ம் என்று சொன்னால்தான் மூட்டை லாரி ஏறுமாம், அப்படிப்பட்டவர் டம்ளரைத் தூக்கிக் கண்ணை மூடி ஆவிக்கு மேல் மூக்கை வைத்துக்கொண்டு இருக்கிறார், வைத்துக்கொண்டே இருக்கிறார், பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, உனக்குக் கை இருக்குது புள்ள என்றார், அவ்வளவுதான், தாலி கட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது, சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள், அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வருஷம் ஓட்டினாள், மாமியார் ஏசியபோதும், மகள் வெளிநாடு போனபோதும், தனக்குக் கை இருக்கிறது என்ற நினைப்பு ஒன்று அவளிடம் இருந்தது.

கை என்றால் சும்மா வந்துவிடுமா, பொடியை ஃபில்டரில் போட்டு அமுக்கக் கூடாது, லேசாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும், அமுக்கினால் தண்ணீர் நின்றுவிடும், விட்டால் ஓடிவிடும், தண்ணீர் கொதித்தவுடன் ஊற்றினால் பொடி வெந்து கசக்கும், கொதி அடங்கி ஆவி மட்டும் மேலே சுற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாக ஊற்ற வேண்டும், பாலை இரண்டாம் தடவை காய்ச்சினால் அது பாலே இல்லை, டிகாக்ஷனைச் சூடு பண்ணுகிறவர்களோடு அவள் பேசவே மாட்டாள், சர்க்கரை முதலில், டிகாக்ஷன் அடுத்து, பால் கடைசியில், இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவை, அவருக்கு முன்னால் அவள் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை, அவர் குடித்து முடித்து, வாசலுக்கு வந்தவர்கள் குடித்து முடித்து, மீதி இருப்பதை அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி ஆறிப்போன பிறகு குடிப்பாள், ஆறினாலும் நன்றாக இருக்கும், அது அவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம், அவர் நாக்கு மில்லு நாக்கு, இவள் நாக்கு வெறும் நாக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரே படுத்துக் கிடந்த அந்தக் காய்ச்சல் அவருக்கும் வந்தது, பத்து நாள் கஞ்சி, பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார், சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு போனாள், மூக்கை வைத்தார், குடித்தார், டிகாக்ஷன் இறங்கலை புள்ள, தண்ணியாட்ட இருக்குது என்றார், அன்றைக்கு ஆரம்பித்தது, மறுநாளும் அதே, அதற்கு மறுநாளும் அதே, டிகாக்ஷன் இறங்கலை, மணமே இல்லை, என்னத்தைப் போட்டே, அவள் பொடியில் ஒரு கரண்டி கூட்டினாள், கடையை மாற்றினாள், பித்தளை ஃபில்டரை ஓரம் வைத்துவிட்டு எவர்சில்வர் வாங்கினாள், பிறகு அதை ஓரம் வைத்துவிட்டுப் பித்தளையையே எடுத்தாள், பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு விடியுமுன் நாலு தெரு நடந்து கறந்த பால் வாங்கி வந்தாள், தண்ணி சரியில்லையோ என்றார், ருசிக்குப் பேர்போன சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் அவர்கள் தெருவுக்கு வராது, அது வருகிற தன் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு குடம் பிடித்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், குலுங்கிப் புடவையெல்லாம் நனைந்து, தெருவே வேடிக்கை பார்க்க, அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியையும் உறிஞ்சிவிட்டு, ம்ஹூம் என்றார் அந்தப் புண்ணியவான், கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று சிக்கரிகூட ஒரு பொட்டலம் வாங்கி ஒளித்து வைத்தாள், சிக்கரி கலந்தது காப்பி இல்லை, கசாயம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் வீட்டில் சிக்கரி, கலக்க மனசு வராமல் அது பொடி டப்பாவுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. ஆறின காப்பியைத் தனியாகக் குடிக்கும்போதெல்லாம் தன் நாக்குக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும், உடனே, அவர் சொல்கிறாரே, அப்படியானால் எனக்கு நாக்கும் போய்விட்டது, வயசாகிவிட்டது என்று டம்ளரைக் கழுவி வைப்பாள்.

அதோடு விட்டாரா, பொள்ளாச்சியில் அவருடைய அக்கா, அவளுக்கு நங்கையான தெய்வானை வீட்டில் பேத்திக்குக் காது குத்து, சொந்தமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது, நங்கையின் மருமகள் தண்ணீர் கலந்த சுடுபாலில் இன்ஸ்டன்ட் பொடியைக் கரைத்து எடுத்து வருகிறாள், ஃபில்டர் இல்லை, டிகாக்ஷன் இல்லை, கரண்டியால் ஒரு கலக்கு, அவ்வளவுதான், இவர் அதை வாங்கிக் கண்ணை மூடி மூக்கை வைத்துக் குடித்துவிட்டு, இதுதான் காப்பி என்கிறார், எங்க ஊட்டுல இப்பெல்லாம் இந்த ருசி இல்லீங்க்கா, கமலவேணிக்குக் கை போயிருச்சு என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், உடுடா தம்பி, அவளுக்கும் வயசாச்சில்ல என்று நங்கை பரிந்து பேசுகிறாள், அந்தப் பரிவுதான் சிரிப்பைவிட வலித்தது, முறுக்குத் தட்டோடு நின்ற கமலவேணியும் பல்லைக் காட்டினாள், வேறென்ன செய்வாள், ஊருக்கு வந்த பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் மோர்தான் கொடுத்தாள், காப்பி வேண்டாங்க, வெயிலுக்கு மோர் நல்லதுங்க என்று மார்கழி மாசத்திலும் சொன்னாள்.

நேற்றுக் காலை மகளோடு போனில் பேச்சு நீண்டுவிட்டது, பின்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவளை எதிர் வீட்டு ஷைலஜா கதவைத் தட்டித்தான் கூப்பிட்டாள், அக்கா, கமலாக்கா, பால் அடிப்புடிக்குது, படிக்கட்டு வரைக்கும் நாறுது, ஓடி வந்து பார்த்தால் அடுப்படியெல்லாம் புகை, பால் சுண்டி அடியில் கருகி, அந்த நாற்றம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வருகிறது, அடுப்புக்குப் பத்தடி தள்ளி நாற்காலியில் சென்னியப்பன், நிம்மதியாகக் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார், வேறு பால் இல்லை, மேலே இருந்ததை வடிகட்டிக் கலந்து, இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தபடி கொண்டுபோய் வைத்தாள், எடுத்தார், கண்ணை மூடினார், ஆவிக்கு மேல் மூக்கை நிறுத்தினார், டம்ளரில் கருகல் வாடை குப்பென்று வீசுகிறது, ஷைலஜா வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, டிகாக்ஷன் இறங்கலை என்றார்.

முதலில் அவள் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள், அவ்வளவு பழக்கி வைத்திருந்தார், பிறகு வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷைலஜா நினைவுக்கு வந்தாள், மத்தியானம் படுக்கவில்லை, மூன்று மணிக்கு அந்தச் சிக்கரிப் பொட்டலத்தைப் பிரித்தாள், ஃபில்டரில் போட்டால் களியாக நின்றுவிடும் என்று கொதிக்க வைத்துத் துணியில் வடிகட்டினாள், ஒரு கொட்டைகூடக் காப்பி இல்லை, கன்னங்கரேலென்று இறங்கிய அந்தச் சாற்றில் கடையில் வாங்கிய பாக்கெட் பாலும் சர்க்கரையும் சேர்த்து, நுரை வர ஆற்றி, வழக்கம்போலக் கொண்டுபோய் வைத்தாள், கண்டுபிடித்துக் கத்துங்க, டம்ளரை வீசி எறியுங்க, சிக்கரியான்னு கேளுங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றாள், அவர் மூக்கை வைத்தார், கூடத்துச் சுவர்க் கடிகாரம் அடித்தது, ஒரு வாய், இன்னொரு வாய், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, இன்னைக்குத்தான் கொஞ்சம் காப்பியாட்ட இருக்குது புள்ள என்றார்.

இப்போது கருப்புப் போகாத பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறாள், டிகாக்ஷன் இறங்கிவிட்டது, புதுப் பால் காய்ச்சி, ஒரு டம்ளர் அவருக்கு, ஒரு டம்ளர் தனக்கு, இரண்டையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள், அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டம்ளரை எடுக்கிறார், கண்ணை மூடுகிறார், ஆவிக்கு மேல் மூக்கு, அப்போது சொன்னாள், நேத்து மூணு மணிக்கு நீங்க குடிச்சது வெறும் சிக்கரிங்க. அவர் கண்ணைத் திறக்கவில்லை, டம்ளரும் அசையவில்லை, எப்ப இருந்து உங்களுக்கு மணம் தெரியறதில்லீங்க என்றாள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சல் உட்டதுல இருந்து என்றார், மொதல்ல பொடின்னு நெனச்சேன், அப்பறம் ஒரு வாரத்துல நீ வெச்சிருந்த மல்லியப் பூவை மோந்து பார்த்தேன், ஒண்ணுமே இல்லை புள்ள, வெறும் காத்து. அப்பறம் ஏனுங்க சொல்லலை என்றாள். சென்னியப்பனுக்கு மூக்குப் போயிருச்சுன்னா என்னை எவன் மதிப்பான் என்றார், நீ பொடியை மாத்துனே, பாலை மாத்துனே, ஒவ்வொரு நாளும், இன்னைக்கு வந்துரும், இன்னைக்கு வந்துரும்னு மூக்கை வெச்சுப் பார்த்தேன் என்றார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பாவத்தை மிதித்துக்கொண்டு கோபம் மேலே வந்தது, ஆட்டோவில் மடியில் குலுங்கிய குடமும், பொள்ளாச்சிச் சிரிப்பும், மார்கழி மோரும் சேர்ந்து வந்தன, உங்க மூக்குப் போனதுக்கு என்ர கையை ஏனுங்க வெட்டுனீங்க என்றாள், என்கிட்டச் சொல்லியிருந்தா தினம் நான் குடிச்சுச் சொல்லியிருப்பேனே, இன்னைக்கு இப்படி மணக்குது, அப்படி மணக்குதுன்னு, ரெண்டு வருசமா நல்ல காப்பியைக் குடிச்சுப்போட்டு நான்தான் கெட்டுப்போயிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்களே.

அவள் தன் டம்ளரை எடுத்தாள், சுடச்சுட, அவருக்கு முன்னால், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு வாய் குடித்தாள், கொதி அடங்கிய தண்ணீரின் பதம், கறந்த பாலின் இனிப்பு, நாக்கின் நடுவில் நின்று மெல்லப் போகிற கசப்பு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, எப்படி இருக்குது புள்ள என்று கேட்டார் சென்னியப்பன், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், மில்லில் வெள்ளை வேட்டிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த மாதிரி காத்திருந்தார், அவள் அவசரப்படவில்லை, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள், நல்லா இருக்குதுங்க என்றாள், பிறகு போனை எடுத்து நங்கையின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள், அங்கே சொன்ன வாயால அங்கேயே சொல்லுங்க. வேண்டாம் கமலா என்றார், மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னடா தம்பி, காலங்காத்தால என்று தெய்வானையின் குரல் வந்தது, அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார், அவள் பார்வையை எடுக்கவில்லை. அக்கா, கமலவேணிக்குக் கை போகலீங்க்கா, என்ர மூக்குத்தான் போயிருச்சு, ரெண்டு வருசமாச்சு என்றார் சென்னியப்பன். என்னடா சொல்றே என்று அந்தப் பக்கம் அலறுவது கேட்டது, கமலவேணி கை நீட்டி அவர் குடிக்காமல் வைத்திருந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டாள், அதில் இன்னும் சூடு இருந்தது.