வலிக்காத கட்டி

"கைய எட்றீ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் தனகோடி.

அமிர்தவள்ளி இடது மார்பின்மேல் அழுத்தியிருந்த கையை எடுத்தாள். ரவிக்கையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறை இருந்தது. இரத்தம் கலந்த நீர். கூடத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தவள்ளி சமையலறை வாசலில், மறுகையில் பலகாரத் தட்டோடு நின்றாள்.

"இந்தக் கோலத்துல வெளில வந்தின்னா உன் பொண்ணு கல்யாணம் இதோட நின்னுச்சு. உள்ளயே கெட." தனகோடி தட்டை வாங்கிக்கொண்டாள். "பொண்ணோட அம்மாவுக்குத் தலவலிங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கூடத்துக்குள் போனாள்.

மகள் சம்பூர்ணத்தைப் பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துப் போனதை அமிர்தவள்ளி சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்டாள்.

தனகோடி அவள் கணவனின் அக்காள். இளம் வயதிலேயே தாலியை இழந்து, தம்பி கோதண்டபாணியோடு ஆம்பூருக்கு வந்தவள். சம்பூர்ணத்தைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வளர்த்தவளும் அவள்தான். தோல் மண்டியில் கணக்கெழுதிய கோதண்டபாணி, வீட்டில் எது நடந்தாலும் அக்காள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். தனகோடி கெட்டவள் இல்லை. அந்த வீட்டுக்கு நல்லது எது என்று தனக்கு மட்டுமே தெரியும் என்று நம்பியவள், அவ்வளவுதான்.

ஆகவே போன ஆடியில், குளிக்கும்போது விரலில் ஒரு கடலை போல ஏதோ தட்டுப்பட்டதும் அமிர்தவள்ளி அவளிடம்தான் முதலில் சொன்னாள்.

தனகோடி தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்லிங்க அண்ணி."

"அப்ப வுடு. வலிக்காத கட்டி ஒண்ணும் பண்ணாது. சம்பூர்ணத்துக்கு அப்புறம் பொறந்து செத்துப்போன கொயந்தைக்குக் குடுக்காத பால் ஒறஞ்சி கெடக்குது. கரஞ்சிடும்."

கரையவில்லை. ஜோலார்பேட்டைக்காரர்கள் பெண் பார்த்துப் போன பிறகு, ஐப்பசிக்குள் அது எலுமிச்சங்காயாகி, மேல்தோலை உள்ளே இழுத்துக்கொண்டது. இலை அரைத்துப் பத்துப் போட வந்த பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் பார்த்த மாத்திரத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"இது புத்து, தனகோடி. இவ வூட்ல யாராச்சும் பாம்புப் புத்த இடிச்சாங்களா?"

இடித்திருந்தார்கள். பிறந்த ஊரான ஆலங்காயத்தில் கொல்லி நிலத்தைத் திருத்தும்போது அமிர்தவள்ளியின் அப்பா ஒரு புற்றை மண்வெட்டியால் வெட்டி எறிந்தது அவளுக்கு நினைவிருந்தது. அப்போது அவள் சிறுமி. வெட்டிய மண்ணில் விளையாடியும் இருக்கிறாள்.

"அதான். அந்தப் பாவம் இப்ப வந்து நிக்குது. ஒட்டிக்கும், ஜாக்கிரதயா இருங்க."

அன்றிலிருந்து அமிர்தவள்ளியின் தட்டும் குவளையும் கொல்லைப்புறத்துக்குப் போயின. பிறந்த நாள் முதல் அம்மாவின் பாயிலேயே படுத்துப் பழகிய சம்பூர்ணத்தைத் தனகோடி தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். பெண் ஒன்றிரண்டு தரம் எழுந்து வந்தாள். "வராதடி கண்ணு, அங்கயே இரு" என்று அமிர்தவள்ளியே விரட்டினாள். விரட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டி முதலாளி ஆபித் பாஷா, வேலையில் மனமில்லாமல் உட்கார்ந்திருந்த கோதண்டபாணியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இன்னாய்யா இது, ஊட்ல இவ்ளோ பேஜார வச்சிக்கிட்டு சும்மா கீறியே! வேலூர்ல பொம்பளங்க ஆஸ்பத்திரி கீது. டாக்டருங்களும் பொம்பளங்கதான். எங்க ஊட்லயே கோஷா முக்காடோட போய் வந்தாங்க. லேட் பண்ணாத, இட்டுக்கினு போ."

கோதண்டபாணி அதை வீட்டில் வந்து சொன்னபோது அமிர்தவள்ளியின் முகம் மலர்ந்தது. தனகோடி முறத்தைக் கீழே வைத்தாள்.

"கத்தி பட்டா ஒடம்பெல்லாம் பரவிடும். தெரியுமா உனக்கு? அது போவட்டும். மாப்ள ரயில்வேக்காரரு. ஆம்பூர் ஸ்டேஷன்ல இவ வண்டி ஏறினாப் போதும், சேதி ஜோலார்பேட்டைக்குப் போய்டும். அம்மா பால் குடிச்ச பொண்ணுதான, அதுக்கும் இருக்கும்பாங்க. அப்புறம் உன் பொண்ண எவன் கட்டுவான்?"

"எனக்கு பயமா இருக்குதுங்க" என்றாள் அமிர்தவள்ளி, கணவனைப் பார்த்து. "ராத்திரில கை தூக்க முடில. ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாங்க."

கோதண்டபாணி அவளைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். பிறகு, "தை மாசம் கல்யாணம் முடியட்டும். அடுத்த வண்டிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. அதற்குள் கட்டி வாய் திறந்து புண்ணாகியிருந்தது. துர்நாற்றம் வெளியே வராதிருக்க, அமிர்தவள்ளி மார்பில் துணியைச் சுற்றி, கற்பூரத்தைப் பொடித்துத் தூவிக்கொண்டு, அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்திருந்தாள். மேளம் உச்சத்துக்குப் போனதை வைத்துத் தாலி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டாள். இருந்த இடத்திலிருந்தே கை நிறைய அரிசியை எடுத்துச் சுவரின்மேல் தூவினாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், அக்குளைத் தொட்டார், முதுகெலும்பை அழுத்தியபோது அமிர்தவள்ளி அலறினாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கடலை மாதிரி இருந்தப்பவே வந்திருக்கணும்மா. அப்ப அறுத்து எடுத்திருக்கலாம். இப்ப எலும்புக்குப் போயிடுச்சு. கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்ல. வலிக்கு மருந்து தரேன்."

அமிர்தவள்ளி அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "எங்கப்பா பாம்புப் புத்த இடிச்சிட்டாருங்க. அதனாலயா?"

"இல்லம்மா. அந்தப் புத்து வேற, இது வேற. யார் செஞ்ச பாவமும் இல்ல."

"என் பொண்ணு பக்கத்துல படுத்தா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. கூடப் படுத்தாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்ட்டாலும் ஒட்டாது."

அப்போதுதான் அவள் உடைந்தாள். "அவள வெரட்டி வெரட்டி வுட்டனே" என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். சாகப்போகிறோம் என்று கேட்டும் கலங்காதவள், இதற்கு ஏன் இப்படி அழுகிறாள் என்று கோதண்டபாணிக்குப் புரியவில்லை.

பங்குனியில், செய்தி கேட்டு சம்பூர்ணம் மாமியார் தடுத்தும் கேளாமல் வந்து சேர்ந்தாள். அம்மாவின் பாயில், அம்மாவைக் கட்டிக்கொண்டே படுத்தாள். அமிர்தவள்ளியின் கடைசி நாட்கள் அப்படிக் கழிந்தன.

காரியம் முடிந்த அன்று கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "வூட்டோட இருந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பா. வேலூருக்குப் போனா, கத்தி வச்சாங்க, போய்ட்டா."

"யாரும் கத்தி வைக்கல" என்றாள் சம்பூர்ணம். எல்லாரும் திரும்பினார்கள். "வைக்கற காலம் போய்டுச்சுன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. என் கல்யாணத்துக்காக எங்கம்மா ஒடம்ப அழுகிப்போவ வுட்டுட்டீங்க."

பெண்கள் தனகோடியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து கொல்லைப்புறம் போனாள்.

சம்பூர்ணம் பின்னாலேயே போனாள், இன்னும் சண்டை போட. தனகோடி துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் கையைப் பிடித்து, முந்தானைக்குள் தன் மார்பின்மேல் வைத்தாள். சம்பூர்ணத்தின் விரல்களுக்கடியில் கொட்டைப் பாக்கு போல ஒரு கட்டி உருண்டது.

"அத்தே! எப்பத்திலேந்து?"

"உங்க மாமா போன கொஞ்ச நாள்லயே. தாலி அறுத்தவ எவன்கிட்ட போய் இத காட்டுவேன்? வலிக்கல. வுட்டுட்டேன்." தனகோடி பெண்ணின் கையை விடவில்லை. "இப்ப பயமா இருக்குதுடி."

மறுநாள் காலை ஆம்பூர் ஸ்டேஷனில், சம்பூர்ணத்தை அழைத்துப்போக வந்திருந்த அவள் கணவன் சாமிநாதன் ஜோலார்பேட்டை வண்டிக்காக நின்றான். எதிர்ப்பக்கம், வேலூருக்குப் போக ஏறவேண்டிய காட்பாடி வண்டி வந்தது. சம்பூர்ணம் தனகோடியைக் கைத்தாங்கலாக அதில் ஏற்றினாள்.

"இன்னா பண்ற நீ? அம்மா கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா அதையும் சொல்லுங்க" என்றாள் சம்பூர்ணம். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படித்தான் சொன்னாள்.

டாக்டரம்மா கட்டியை அறுத்து எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்க்க அனுப்பினார். முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுவதும் தனகோடி சோறு தொடவில்லை.

வெராந்தாவில், பெஞ்சில் வரிசையாகப் பெண்கள் காத்திருந்த இடத்துக்கு நர்ஸ் வந்து அவளைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்களுது புத்து இல்லம்மா. வெறும் கட்டி. எடுத்தாச்சு, இனிமே ஒண்ணும் இல்ல."

சம்பூர்ணம் பெருமூச்சு விட்டு அத்தையின் தோளைத் தொட்டாள். தனகோடி நர்ஸை நிறுத்தினாள்.

"தொட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான இருந்திச்சு?" என்று அவள் நர்ஸிடம் கேட்டாள். "ஆரம்பத்துல அவளுதும் இப்டித்தான வலிக்காம இருந்திச்சு? எனக்கு ஒண்ணும் ஆவலியேன்னுதான் அவளுக்கும் ஆவாதுன்னு சொன்னேன்."

நர்ஸுக்கு அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று தெரியவில்லை. "கவலய வுடுங்கம்மா. நீங்க நூறு வருசம் இருப்பீங்க" என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடப் போனாள்.

தனகோடி பெஞ்சிலேயே சரிந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி அதைப் பார்த்தாள். பாவம், இவளுக்கும் புத்துதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.