கட்டிலடி ஆட்டுத்தோல்

அப்பாவின் கம்பளி மேல்சட்டையை மாரித் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கழுத்துப்பட்டியில் ஏழு ஓட்டைகள். வலது கைநுனியில் நான்கு. அக்குள் இரண்டும் சல்லடை. முதுகிலும் மார்பிலும் மட்டும் ஒன்றுகூட இல்லை. வெள்ளிப் பொத்தான்களைச் சுற்றி, நெய்த அன்றைக்கு இருந்த கறுப்பு அப்படியே இருந்தது.

அப்பா பெடர் இறந்து நான்கு நாளாகிறது. கல்யாணத்தன்று போட்ட உடையிலேயே தன்னைப் பெட்டியில் வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை வாங்கிப்போக, அடக்க ஏற்பாடு செய்பவர் ஒரு மணிக்கு வருவார். இப்போது பத்தரை.

"ஓட்டைய யாரு எண்ணப்போறா?" என்றான் அண்ணன் ஹோக்கன், வாசற்படியில் பூட்ஸின் பனியைத் தட்டிக்கொண்டே. "அப்பா என்ன, டான்ஸுக்கா போறாரு?"

"ஓட்டை கிடக்கட்டும் அண்ணே. இந்த அந்துப்பூச்சி எங்கேருந்து வருதுன்னு தெரியணும். ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் கிளம்பிடுவோம். அப்புறம் அம்மா தனியா இருக்கணும். இப்படியே போனா அவங்களுக்குப் போட்டுக்க ஒரு கம்பளி மிஞ்சாது."

"நான்தான் நேத்து மட்டும் பதினாலு அடிச்சேனே."

"நீங்க அடிச்சது முக்காவாசி ஆண். பெட்டை அவ்வளவாப் பறக்காது, இருட்டுல மடிப்புக்குள்ள ஊர்ந்து போய் முட்டை வைக்கும். பறக்கிறது எதையும் தின்னவும் தின்னாது. அதுக்கு வாய்னு ஒண்ணு இருந்தும் இல்லாத மாதிரிதான்."

"வாயில்லாததா இவ்வளவு தின்னுச்சு?"

"தின்னது அதோட புழு."

"பாவம் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க," என்றான் ஹோக்கன்.

மாரித்துக்குப் புரியாதது ஒன்றுதான். இந்தச் சட்டை ஐம்பத்தாறு வருடம் முற்றத்துக் களஞ்சியத்தில் தொங்கியது. களஞ்சியம் கல்தூண்கள் மேல் நிற்கும் மரக்கட்டடம், அடுப்பு கிடையாது. குளிர்காலத்தில் வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு. ஐம்பத்தாறு வருடத்தில் விழாத ஓட்டை இப்போது எப்படி விழுந்தது?

அம்மா சிக்ரூன் சமையலறையில் காபிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இந்தச் சட்டைய எப்போ உள்ள எடுத்துட்டு வந்தீங்க?"

"செப்டம்பர்ல."

"செப்டம்பர்லயா? எதுக்கு?"

அம்மா ஒரு சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்தாள். "அப்புறம் களஞ்சியப் படியில ஐஸ் பிடிச்சுக்கும். என்னால ஏற முடியாது."

செப்டம்பரில் அப்பா தடியூன்றி வேலிவரைக்கும் நடந்துகொண்டிருந்தார். வசந்தத்துக்குள் தேறிவிடுவார் என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான் பேசினாள். ஹோக்கன் காபிப் பாத்திரத்தை எடுத்து, நிறைந்திருந்த கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

ஆக, சட்டை வீட்டுக்குள் வந்து நான்கு மாதம். அது அம்மாவின் அறை அலமாரியில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டித் தொங்கியிருக்கிறது. கதகதப்பு கிடைத்துவிட்டது. தீனியும் கிடைத்தது. சுத்தமான கம்பளி புழுவுக்குச் சப்பென்றிருக்கும். வியர்வையும் சோறுகறியும் பட்ட கம்பளியைத்தான் விரும்பித் தின்னும். அதனால்தான் கழுத்து, அக்குள், சூப்பில் தோய்ந்த கைநுனி. ஆனால் முதல் பூச்சி வேறெங்கிருந்தோ வந்திருக்கவேண்டும். வியர்வை ஊறிய, இருட்டில் கிடக்கிற, யாரும் அசைக்காத ஏதோ ஒன்றிலிருந்து.

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலடியில் குனிந்தாள். சுவரோரமாகப் படுக்கை விரிப்பில் சுற்றிய உருளை ஒன்று கிடந்தது.

"அதத் தொடாதே," என்றாள் அம்மா. எழுந்து பின்னாலேயே வந்திருந்தாள்.

மாரித் ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்தாள். ஆட்டுத்தோல். நாளில் பெரும்பகுதியைப் படுக்கையில் கழித்த இரண்டு வருடமும், முதுகு புண்ணாகாமல் இருக்க, அப்பா அதன்மேல்தான் படுத்தார். இலையுதிர்காலத்தில் நர்ஸம்மா பஞ்சு மெத்தை கொண்டுவந்து, இதைத் தூக்கிப்போடச் சொன்னார். போட்டாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

விரித்ததும் உள்ளேயிருந்து மூன்று பொன்னிறப் பூச்சிகள் தரையில் ஓடின. உரோமம் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. தோள் அழுந்திய இடத்திலும் இடுப்பு அழுந்திய இடத்திலும் வெறும் தோல்தான் மிச்சம். அங்கெல்லாம் அரிசி நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள், பட்டு நூல் கூடுகளோடு.

ஹோக்கன் எட்டிப் பார்த்தான். "கொண்டா, முற்றத்துல வச்சு ஒரேயடியாக் கொளுத்திடறேன்."

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பாதங்களையும் தோலின்மேல் வைத்துக்கொண்டாள்.

"சரி, கொளுத்த வேணாம். கொதிக்கிற தண்ணில போட்டுத் துவைப்போம்," என்றான் ஹோக்கன்.

"துவைச்சா போயிடும்."

"பூச்சிதானே? போகட்டுமே."

ஹோக்கன் மாரித்தைப் பார்த்தான். அவள் தோலின் ஓரத்தைத் தூக்கக் குனிந்து மூச்சை இழுத்தாள். புகையிலை வாசனை, தார் சோப்பு வாசனை, அவற்றுக்கு அடியில் அப்பாவுடையதேயான இன்னொன்று.

நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியைப் பார்த்தாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துமூன்று.

"அண்ணே, சட்டைய வெளியில நல்லா உதறி, ஒரு மணி வரைக்கும் வேலியில போடுங்க. வர்றவரு அப்படியே எடுத்துக்கட்டும்."

"ஓட்டையோடவா?"

"கழுத்த மட்டும் நான் தைச்சிடறேன்," என்றாள் அம்மா. "முதல்ல உதறிட்டு வா."

அவன் போனபின் அம்மா பாதங்களை எடுக்காமலேயே கேட்டாள். "குளிர்ல வச்சா வேற எதுவும் போயிடுமா?"

"காத்தாட விட்டாத்தான் போகும். பைக்குள்ள கட்டி வச்சா போகாது. பூச்சி மட்டும்தான் சாகும்."

அம்மா கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்.

மாரித் தோலைச் சுருட்டவில்லை. சுருட்டினால் குளிர் நடுப்பகுதிக்குப் போய்ச்சேர நாளாகும், அங்கே இருக்கும் முட்டை பிழைத்துக்கொள்ளும். உரோமம் உள்பக்கமாக இருக்கும்படி ஒரே மடிப்பாக மடித்துப் பெரிய பிளாஸ்டிக் பையில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டினாள். பையைக் களஞ்சியத்துக்கு அடியில், படி ஏறாமலேயே அம்மாவுக்கு எட்டும் இடத்தில், மூன்று வாரம் தட்டையாகப் போட்டுவைக்கவேண்டும். பிறகு பிரிக்காமலேயே வீட்டுக்குள் இரண்டு நாள். தப்பிப் பிழைத்த முட்டை ஏதும் இருந்தால் வசந்தம் வந்ததென்று விழித்துக்கொள்ளும். அப்போது திரும்பவும் களஞ்சியத்துக்கு அடியில் இரண்டு வாரம். அதற்குப்பின் பையோடு அம்மா வைத்துக்கொள்ளலாம். துவைக்கவேண்டியதில்லை.