இரண்டு நொடி கறுக்கும் மானிட்டர்

"கெட்டுப்போன பொருள ஊட்டுல வெச்சு அழகு பாக்கறதுக்கா வாங்குனோம்? திருப்பி அனுப்பிரு."

"வெள்ளிக்கிழமை ஆல்பம் குடுக்கோணுங்க. இத அனுப்பிட்டு நா எதுல பாக்கறது, உங்க போன்லயா?"

"பழசு இருக்குதில்ல?"

"பழசுல தெரியலைன்னுதானுங்க புதுசு வாங்குனது."

பக்கத்து வீட்டு கெஸியா லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். புது மானிட்டரை வைத்து சசிரேகாவுக்கும் அவள் கணவன் அருள்ராஜுக்கும் மூன்று நாளாக நடக்கும் இந்தச் சண்டை சுவர் தாண்டி அவள் வீட்டுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சசிரேகாதான் அவளைப் பார்த்து உள்ளே கூப்பிட்டாள்.

சசிரேகாவுக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாண போட்டோக்களில் நிறம் திருத்தி ஆல்பம் செய்து கொடுப்பது வேலை. ஊட்டியில் காந்தல் பகுதியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பதினோரு வருடமாக ஊட்டி ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு பேருக்குச் செய்கிறாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஸ்டுடியோ ஒரு ஆல்பத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தது. பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. ஆனால் முதலில் அனுப்பிய நாலு பக்கமும் திரும்பி வந்துவிட்டது. மணப்பெண் முகத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது, சேலை ஜரிகை இழை தெரியாமல் பூசினாற்போல் இருக்கிறது என்றார்கள். பழைய மானிட்டரில் அவள் கண்ணுக்கு அந்தக் குறை ஒன்றுகூடத் தெரியவில்லை.

அதனால்தான் ஃபோர் கே மானிட்டர். பத்து நாள் தேடித்தான் முடிவுக்கு வந்தாள். டூரிஸ்ட் வண்டி ஓட்டும் அருள்ராஜ், வளைந்த பெரிய திரையாக வாங்கச் சொன்னான். கிரிக்கெட் பார்க்க நன்றாக இருக்குமாம். அவள் தட்டையான இருபத்தேழு அங்குலத்தில்தான் நின்றாள். பனி மூடிய நாளில் ஜன்னல் முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சமாக அடிக்கும், பளபளக்கும் திரையில் முகம்தான் தெரியும் என்று மங்கலான மேற்பரப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினாள். வந்த அன்று மணப்பெண்ணின் மூக்குத்தியில் கல்லைத் தனித்தனியாக எண்ண முடிந்தது. அன்று சாயங்காலமே திரை கறுத்தது. இரண்டு நொடி கறுத்துவிட்டுத் தானாகவே வந்தது. பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதே கதை.

அவள் பிளக்கை மாற்றினாள், ஸ்டெபிலைசரை மாற்றினாள், கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். எதற்கும் மசியவில்லை. விற்ற கடைக்குப் போன் செய்ததில், வேறொரு கம்ப்யூட்டரில், பெட்டியோடு வந்த கேபிளை மாட்டி, திரை கறுப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். திருப்பி எடுத்துக்கொள்ள வியாழக்கிழமை வரைக்கும்தான் நேரம். இன்று புதன். அதற்காகத்தான் கெஸியா தன் லேப்டாப்பைக் கொண்டு வந்திருந்தாள்.

பெட்டியோடு வந்த கேபிளைப் பிரித்து லேப்டாப்பில் மாட்டினார்கள். அருள்ராஜ் போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வண்டியில் சவாரிக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்தான். இருபது நிமிஷம் ஆயிற்று. திரை கறுக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஆயிற்று. போனில் இடம் தீர்ந்து, பழைய வீடியோக்களை அழித்துவிட்டு மறுபடியும் எடுத்தான்.

"வெளியாளு வந்தா மட்டும் நல்ல புள்ளையாட்ட இருக்குது பாரு," என்றான்.

ஒன்றேகால் மணி நேரம் போனது. கெஸியாவுக்குச் சந்தேகம் வந்தது. "அக்கா, உங்க சிபியு எங்க? நா பாத்ததே இல்லையே."

சசிரேகா உள்ளறை அலமாரியைக் காட்டினாள். லென்ஸ் வைக்கும் அலமாரி அது. இங்கே கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்; ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை படராமல் இருக்க, உள்ளே ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரியும். மூன்று வருடத்துக்கு முன்பு ஆடி மழையில் சிபியுவின் போர்டு பச்சை பூத்துச் செத்துப்போனது. அதிலிருந்து புதிய சிபியுவையும் அந்த அலமாரியிலேயே வைத்துவிட்டாள். வேலை நேரத்தில் கதவு திறந்திருக்கும். அங்கிருந்து கதவு நிலைக்கு மேலே ஏறிச் சுவரைச் சுற்றி முன்னறை மேசைக்கு வர, பத்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். பழைய மானிட்டர் அந்தக் கேபிளில் மூன்று வருடம் ஒருமுறைகூடக் கண் சிமிட்டியதில்லை. அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவே இல்லை. பெட்டியோடு வந்த குட்டைக் கேபிள் எட்டாது என்று, அதை இன்று வரை அவள் உறையைவிட்டே எடுத்திருக்கவில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். எழுந்துபோய் லேப்டாப்பை உள்ளறையில் வைத்து, நீளக் கேபிளை அதில் மாட்டினாள். ஒன்பதாவது நிமிஷம் திரை கறுத்து மீண்டது. செட்டிங்கில், நொடிக்கு அறுபது முறை படம் புதுப்பிக்கும் அறுபது ஹெர்ட்ஸை முப்பதாகக் குறைத்தாள். அரை மணி நேரம் கறுக்கவில்லை. ஆனால் மவுஸ் சேற்றில் நடப்பதுபோல இழுத்தது. பழைய திரையைப்போல நாலு மடங்கு புள்ளிகளை அந்தக் கேபிள் சுமந்து வரவேண்டியிருந்தது. அதற்கு மூச்சு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அருள்ராஜ் போனைக் கீழே வைத்தான். "அப்ப மூணு நாளா நா திட்டுனதெல்லாம் கேபிளையா?"

"என்னையுந்தானுங்க," என்றாள் சசிரேகா.

மானிட்டர் தங்கிவிட்டது. ஆனால் குட்டைக் கேபிளை மாட்ட வேண்டுமென்றால் சிபியு அலமாரியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அவள் அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். போர்டு செத்த வருஷம் மூன்று கல்யாண வேலை கைவிட்டுப் போனதை அவள் மறக்கவில்லை. அருள்ராஜ், வேண்டாம் என்றால் வேண்டாம், முப்பதிலேயே ஓட்டிக்கொள் என்று இறங்கி வந்தான்.

"முப்பதுல இழுத்துட்டு உக்காந்தா வெள்ளிக்கிழம முடியாதுங்க. வேல போனதுக்கப்புறம் போர்டு மட்டும் நல்லா இருந்து என்ன பண்றது? தூக்குங்க."

இரண்டு பேருமாகத் தூக்கி வந்து, சுவரில் ஒட்டாமல், தரையில் படாமல் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பத்தாறு பக்கமும் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை காலை ஸ்டுடியோவிலிருந்து போன். இரண்டு முகத்தில் சிவப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள். மற்றதெல்லாம் சரி, அடுத்த ஆல்பத்தை அனுப்புகிறோம் என்றார்கள். இப்போது அவள் மூன்றாவது ஆல்பத்தில் இருக்கிறாள்.

ஜூனில் மழை இறங்கிவிடும். குன்னூர், வால்பாறை, கொடைக்கானல் என்று ஈரமான ஊரில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் சிபியுவை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? பத்து மீட்டர் தூரத்துக்கு ஃபோர் கே கறுக்காமல் வரும் கேபிளை யாராவது ஒரு வருஷமாவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். சசிரேகா படிப்பாள்.