சம்பந்தியம்மாவுக்குத் துணிக்கட்டு

மறுபடியும் முடிச்சு அவிழ்ந்தது. ஜூடி துண்டை உதறிச் சுவரோரம் வீசினாள். தேன் பாட்டில்கள் இரண்டும் பாயில் உருண்டுபோய் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"ஒடைச்சிடப் போற" என்றாள் அம்மா பிலோமினாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"ஒடையட்டும். நீயே வந்து கட்டு."

"எனக்கு இன்னாடி தெரியும்? நீதானே டீச்சரு."

ஜூடி ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா இறந்த பிறகு கண்ணமங்கலத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு மலைக்கே அழைத்து வந்துவிட்டாள். அண்ணன் லியோவுக்கு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கேயே ஹருகா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளோடு முதல்முறையாக நாளை இங்கே வருகிறான்.

போன வாரம் போனில் பேசியபோது, ஜப்பானில் பரிசுப் பொருளைக் காகிதத்தில் சுற்றாமல் சதுரத் துணியில் மடித்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள், அதற்கு ஃபுரோஷிகி என்று பெயர் என்று சொல்லி வைத்தான். அவ்வளவுதான். சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தனுப்பும் மலைத்தேனை அப்படித்தான் கட்டித் தரவேண்டும் என்று பிலோமினாள் பிடித்த பிடியை விடவில்லை.

"கவர்ல போட்டு நீட்னா அவங்க இன்னா நெனைப்பாங்க? பையன் வூட்ல மரியாதை தெரியாதவங்கன்னு நெனைக்க மாட்டாங்க?"

தேடினால் வீடியோக்கள் கொட்டின. ஆனால் வீட்டில் சிக்னல் கிடையாது. பள்ளி மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்கு உயிர் வரும். அங்கே நின்று பார்த்து, மனதில் பதித்துக்கொண்டு ஓடி வருவாள். வாசலைத் தாண்டுவதற்குள் எந்த முனை மேலே போகவேண்டும் என்பது மறந்திருக்கும். வீடியோவில் ஒரு பெண் இரண்டு பாட்டில்களையும் அடிப்பக்கம் எதிரெதிராக இருக்கும்படி துணியில் படுக்கவைத்து, உருட்டி, நடுவில் மடக்கி நிமிர்த்தி, மேலே முனைகளைச் சேர்த்து முடிந்தாள். கண்ணிமைப்பதற்குள் கைப்பிடியோடு ஒரு கட்டு. ஜூடியிடம் இருந்த துண்டுக்கு நீளம் இருந்தது, அகலம் போதவில்லை. துப்பட்டா வழுக்கியது. மேசைவிரிப்பு விறைப்பாக நின்று மடியவே மறுத்தது.

சாயங்காலம் அம்மா ஜெபத்துக்குப் போயிருந்தபோது ஜூடி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு பச்சைப் புடவை. தொட்டால் பூப்போல மெத்தென்று இருந்தது. அம்மா அதைக் கட்டி அவள் பார்த்ததேயில்லை. பிடிக்காத புடவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். முந்தானையை விட்டுவிட்டு ஒரு சதுரம் வெட்டி, பாட்டில்களைப் படுக்கவைத்து, உருட்டி, நிமிர்த்தி முடிந்தாள். இந்த முறை நின்றது!

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. படுக்கவைத்தபோது பாட்டில் ஒன்றின் மூடி வழியே கசிந்த தேன் துணியில் கறையாகப் பரவிக்கொண்டிருந்தது. துடைக்கத் துணி எடுக்க எழுந்தாள். வாசலில் பிலோமினாள் நின்றிருந்தாள்.

"அய்யோ... இது பொட்டியில இருந்ததாடி?"

"ஆமா. நீ கட்டாததுதானே?"

"லியோ மொதல் சம்பளத்துல எடுத்துக் குடுத்ததுடி இது!"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? வருசக் கணக்கா கட்டாம வெச்சிருக்க. ஒருநாளாவது சொன்னியா?"

"நீ கேட்டியா?"

பிலோமினாள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். ஜூடிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குக் கண் பார்க்கத் திருப்பத்தூருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவது யார்? பஸ் வராத நாளில் கெஞ்சிக் கூத்தாடி ஜீப் பிடிப்பது யார்? அதற்கெல்லாம் எந்தப் பெட்டியிலும் இடமில்லை என்று தோன்றியது.

மறுநாள் மத்தியானம் வாடகைக் கார் வந்து நின்றது. ஹருகா இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். பிலோமினாள் அவளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டாள். சாப்பாடு முடிந்ததும் ஜூடி, துவைத்துக் காயவைத்தும் கறை போகாத துணியில் திரும்பக் கட்டியிருந்த பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தாள். முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஹருகா வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். லியோ சிரித்தான்.

"அவளுக்கே இதெல்லாம் கட்டத் தெரியாதாம்மா. கடையிலயே பேப்பர்ல சுத்திக் குடுத்துடுவாங்களாம்."

"நீதானே அண்ணா துணியில கட்டுவாங்கன்னு சொன்னே?" என்றாள் ஜூடி.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன் ஜூடி. நீங்க இவ்ளோ மெனக்கெடுவீங்கன்னு நான் கண்டேனா?"

ஜூடிக்குக் காது மடல் சுட்டது. அப்போது பிலோமினாள் துணிக்கட்டை மகன் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தத் துணி இன்னாதுன்னு பாரு லியோ."

அவன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். "நல்லா கீதும்மா. எங்க வாங்கினீங்க?"

தான் எடுத்துக் கொடுத்த புடவை என்பது அவனுக்கு நினைவிலேயே இல்லை. நேற்றிரவு முழுக்க ஜூடி இப்படி ஒரு நொடிக்குத்தான் ஏங்கினாள். இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அது வேண்டாதிருந்தது. "பழைய துணிதான் அண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

பிலோமினாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மிச்சப் புடவையும் கத்தரியும் கையில் இருந்தன.

"கறை இல்லாததா இன்னொண்ணு வெட்டு."

"வேணாம்மா. விடு."

"வெட்டுடின்றேன்."

ஜூடி வெட்டினாள். கத்தரி கோணலாகப் போயிற்று. ஹருகா பாயில் உட்கார்ந்து பாட்டில்களைப் பிடித்துக்கொண்டாள். கட்டு சரிந்தது, பிரித்தார்கள், திரும்பக் கட்டினார்கள், மறுபடி சரிந்தது. ஹருகா ஜப்பானிய மொழியில் முணுமுணுத்தாள். ஜூடி தமிழில் திட்டினாள். கடைசியில் ஒருவழியாக நின்றது. லியோ போட்டோ எடுக்க வந்தபோது ஜூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் கார் கிளம்பியது. ஹருகா கட்டை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள். கார் வளைவில் மறையும்வரை பிலோமினாள் நின்றாள். பிறகு, ஜூடியைப் பார்க்காமலே கேட்டாள்.

"எனக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுக்கிறியா?"

"எதுக்கு? பொட்டியில பூட்டி வெக்கவா?"

"கட்டிக்கத்தான்."

வெடுக்கென்று ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடத்து மணி அடித்தது.

"லேட்டாய்டுச்சி. போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜூடி நடந்தாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். "நைட்டும் சாப்பிடல நீ. இட்லி மூடி வெச்சிருக்கேன், தின்னு."